கைது முதல் ரிமாண்ட் வரை: புதிய எஸ்.ஐ.களுக்கும் காவலர்களுக்கும் நடத்தை நெறி, படிப்படியாக

"முதல்ல ஆளைத் தூக்கிட்டு வாங்க, பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்." புதிதாக ஸ்டேஷனுக்கு வரும் எஸ்.ஐ.யின் காதில் முதல் வாரத்திலேயே விழும் பேச்சு இது. நடத்தை நெறி மீறல் என்று பின்னாளில் விசாரணைக்கு வருகிற பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. ஆளை அடிக்க வேண்டும் என்றே வேலைக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசை மாறி வேலை செய்து, அதை மறைக்க ஒரு பொய்யான நேரத்தை எழுதி, அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் பெரிய தப்புக்குப் போனவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இங்கே பொதுவான அறிவுரை எதுவும் இல்லை. ஒரு கைதை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பிருந்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்வரை எதற்குப் பிறகு எது, ஏன் என்று மட்டும் சொல்கிறேன். பிரிவு எண்கள், பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) எண்கள். சீனியர் ஏட்டுகள் இன்னும் பழைய எண்ணில்தான் பேசுவார்கள். கைது செய்யாமல், விசாரணைக்கு வரச்சொல்லிக் கொடுக்கும் நோட்டீஸை அவர்கள் 41ஏ நோட்டீஸ் என்பார்கள்; அது இப்போது 35(3).

1. கிளம்பும் முன்

நெஞ்சில் பெயர்ப் பட்டை இருக்க வேண்டும். கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாக, பார்த்தால் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது 36வது பிரிவு. மப்டியில், அதாவது சாதாரண உடையில், போகும் குரூப்புக்கும் இது பொருந்தும். பெயர் தெரியாத நான்கு பேர் நம்பர் தெரியாத காரில் ஒருவரை ஏற்றினால், பார்ப்பவர்களுக்கு அது ஆள்கடத்தல்தான். அவர் திமிறினாலும் ஊர்க்காரர்கள் கூடினாலும் அதைக் குற்றமாக நினைக்க முடியாது.

பையில் கைது விவரத்தைப் பதியும் வெற்று கைது மெமோ படிவங்கள், கைதுக்கான காரணங்களை எழுதிக் கொடுக்கும் படிவம், கைப்பற்றும் பொருளுக்கு ரசீது எழுதத் தாள் ஆகியவை இருக்கட்டும். கூடவே சார்ஜ் உள்ள போனும் வேண்டும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய 105வது பிரிவு சொல்கிறது. பாதியில் போன் அணைந்துவிட்டால், பதிவாகாத அந்தப் பாதியைப் பற்றித்தான் குறுக்கு விசாரணை முழுவதும் நடக்கும்.

கைது செய்யப் போவது பெண்ணை என்றால் பெண் காவலர் இல்லாமல் கிளம்பாதீர்கள். "போய்ட்டு அங்கேர்ந்து கூப்பிட்டுக்கலாம்" என்பது நடக்காது.

கடைசியாக, ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடான ஜெனரல் டைரியில் புறப்பாடு எழுத வேண்டும். யார் யார், எந்த வண்டி, எந்த வழக்கு எண், எத்தனை மணி. இந்த நான்கும் இல்லாமல் ஸ்டேஷனை விட்டு இறங்கினால், அதற்குப் பிறகு நடக்கும் எதற்கும் நீங்கள் அங்கே இருந்ததற்கான நியாயமே பதிவில் இருக்காது.

2. வழக்கு இருக்கிறதா?

இது முதல் படியிலேயே அடங்கியதுதான் என்றாலும் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பகுதியில், நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் தனிப்படை அழைத்துப்போய் விசாரித்த கோயில் காவலாளி ஒருவர் இறந்தார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு காவலரும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: நான் ஒருவரை வண்டியில் ஏற்றும்போது, எந்த எண்ணுள்ள வழக்கில் ஏற்றுகிறேன்?

புகார் பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 173(3) இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த விசாரணை புகாரில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான். ஆளைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைக்க அது அனுமதி தரவில்லை.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது "சும்மா விசாரணைக்கு"க் கூப்பிடுவதில். சாட்சியாக ஒருவரை அழைக்க 179வது பிரிவில் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லவே கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். இதை மீறி வரவழைப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199வது பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். மகன் ஓடிவிட்டான் என்று அம்மாவைக் கொண்டுவந்து இரவெல்லாம் உட்கார வைப்பது பல ஸ்டேஷன்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. வழக்கமாகிவிட்டதால் அது குற்றமில்லை என்று ஆகாது.

3. கைது தேவைதானா என்று எழுதிப் பார்ப்பது

கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, செய்ய நியாயம் இருப்பது வேறு. 1994இல் ஜோகிந்தர் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்ய, சந்தேகம் மட்டும் போதாது. மீண்டும் குற்றம் செய்வதைத் தடுக்க, விசாரணை முறையாக நடக்க, தடயத்தை அழிக்காமலிருக்க, சாட்சியை மிரட்டாமலிருக்க, கோர்ட்டுக்கு வருவதை உறுதிசெய்ய என்ற ஐந்தில் ஏதாவது ஒன்றுக்காகக் கைது அவசியம் என்று 35வது பிரிவின்படி எழுத்தில் பதிய வேண்டும். கைது வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் காரணம் எழுத வேண்டும்.

இந்தப் படியைக் கைதுக்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதற்கு எளிய காரணம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் காரணம் இல்லை என்பது தெரியும். பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறில், சொந்த வீட்டில் குடியிருக்கும், வேலைக்குப் போய்வரும் ஒருவரைப் பற்றி "தலைமறைவாகிவிட வாய்ப்புள்ளது" என்று எழுதக் கை வராது. எழுதக் கை வராத இடத்தில் 35(3) நோட்டீஸ் கொடுத்து அனுப்புங்கள். அவர் சொன்ன தேதியில் வந்து ஒத்துழைத்தால், பிறகு கைது செய்யத் தனியாகக் காரணம் எழுதியாக வேண்டும்.

நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இரண்டு நீல டிக்கைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைப்பதைப் பார்க்கிறேன். அது செல்லாது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) 60 வயதைத் தாண்டியவரோ உடல் நலிந்தவரோ என்றால் டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும். முன் அனுமதி என்றால் கைதுக்கு முன். மாலையில் கைது செய்துவிட்டு, காலையில் வாங்கும் கடிதத்துக்கு முந்தைய நாள் தேதி போடுவது போலி ஆவணம்.

இன்னொரு பொதுவான தவறு: பழைய ரிமாண்ட் ரிப்போர்ட்டிலிருந்து காரணங்களை அப்படியே நகலெடுப்பது. திருட்டு வழக்கில் "பாதிக்கப்பட்ட பெண்ணை மிரட்டக்கூடும்" என்ற வரி தங்கிவிட்டிருக்கும். 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு, காரணங்களைச் சரிபார்க்காமல் இயந்திரம்போல் காவலில் வைக்கும் மாஜிஸ்திரேட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றது. அந்த வரியை அவர்கள் இப்போது படிக்கிறார்கள்.

4. ஸ்பாட்டில்

உங்கள் பெயர், ஸ்டேஷன், வழக்கு. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, "உங்களைக் கைது செய்கிறேன்" என்று வாயால் சொல்லுங்கள். பணிந்து வருகிறவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பெண் என்றால் வாய்மொழியாகச் சொன்னதும் உடன்பட்டதாகவே கொள்ள வேண்டும். ஆண் காவலர் தொடக் கூடாது. சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்வது விதிவிலக்கான நிலையில் மட்டும்தான். அதுவும் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்ற பிறகு.

கைவிலங்கு விஷயத்தில் இப்போது இரண்டு பக்கமும் குழப்பம். போடவே கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், புதுச் சட்டம் வந்துவிட்டது எல்லாருக்கும் போடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். 43(3) பட்டியல் போட்டுத்தான் அனுமதிக்கிறது: தொடர்ந்து குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், மனித வணிகம், பயங்கரவாதம், கள்ளநோட்டு போன்றவை. பட்டியலில் இருந்தாலும் குற்றத்தின் தன்மையைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஏன் போட்டோம் என்று டைரியில் ஒரு வரி எழுதுங்கள். தப்பிக்காமல் இருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்பது 46வது பிரிவு. அது எல்லாக் கைதுக்கும் பொருந்தும்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்ற சந்தேகம் வந்தாலே வழி மாறுகிறது. லாக்கப் கிடையாது, விலங்கு கிடையாது, அவரைக் கையாளும் காவலருக்கு யூனிஃபார்ம் கிடையாது. குழந்தைகள் நல காவல் அதிகாரியிடம் ஒப்படைத்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் முன் நிறுத்த வேண்டும். மீசை முளைத்திருக்கிறது என்பது வயதுச் சான்று அல்ல.

5. கைது மெமோவும் அதில் எழுதும் நேரமும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

மெமோவைக் கைது செய்த இடத்திலேயே எழுத வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பதினொரு கட்டளைகளில் ஒன்றாக இருந்தது, இப்போது 36வது பிரிவில் சட்டமாகவே இருக்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மதியம் இரண்டரை மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆளைப் பிடிக்கிறார்கள். ஸ்டேஷனில் உட்கார வைக்கிறார்கள். ஸ்டேஷனின் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மறுநாள் காலை மெமோ எழுதுகிறார்: "06.30 மணிக்கு, பைபாஸ் பாலத்தின் அருகே சந்தேகத்திற்கிடமாக நின்றவரை". சாட்சியாக இரண்டு பெயர். வேறு மூன்று வழக்குகளிலும் அதே இரண்டு பெயர்கள்தான் இருக்கும். டீக்கடைக் கேமராவில் இரண்டரை மணி பதிவாகியிருக்கும். கைதானவரின் போன் டவர் அன்று மாலை முழுவதும் ஸ்டேஷனைக் காட்டும். அவர் மனைவி மூன்று மணிக்கே கமிஷனர் அலுவலகத்துக்கு ஆன்லைனில் புகார் போட்டிருப்பார். மெமோவின் ஒரு நேரம் பொய் என்றானதும், உண்மையாகவே நடந்த கைப்பற்றுதலையும் யாரும் நம்பமாட்டார்கள்.

24 மணி நேரக் கணக்கு, மெமோவில் நீங்கள் எழுதும் நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. தன் விருப்பப்படி எழுந்து போக முடியாத நிலைக்கு அவர் வந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. "கைது காட்டுவது" என்று ஒரு பேச்சு நம் ஸ்டேஷன்களில் உண்டு. கைதைச் செய்கிற நேரம்தான் உண்டு. காட்டுகிற நேரம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, இடது பெருவிரல் ரேகை வாங்கி, வாசித்துக் காட்டியதையும் எழுதுங்கள். வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வாங்காதீர்கள். அவரிடமிருந்து எடுக்கும் போன், பணம், மோதிரம் எல்லாவற்றுக்கும் ரசீது கொடுங்கள். பணத்தை அவர் கண்முன் எண்ணுங்கள்.

6. காரணத்தை எழுதிக் கொடுப்பது, வீட்டுக்குச் சொல்வது

ஏன் கைது செய்யப்பட்டோம் என்பதை உடனே தெரிந்துகொள்வது அரசியலமைப்பின் 22(1) கொடுத்த உரிமை. முன்பெல்லாம் "காரணம் சொல்லப்பட்டது" என்று மெமோவில் ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்குக்குப் பிறகு அது போதாது. எல்லாக் குற்றங்களுக்கும் காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எழுத முடியாத சூழ்நிலையென்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் கைதே சட்டவிரோதம், எதிரி விடுவிக்கப்படுவார்.

புரியும் மொழி என்பதைத் திருப்பூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவரிடம் தமிழ்த் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது காரணம் கொடுத்ததாகாது. ஒடியாவும் வங்காளமும் இந்தியும் எழுதத் தெரிந்த இரண்டொருவர் நம்பரை ஸ்டேஷனில் முன்கூட்டியே வைத்திருங்கள். இரவு பதினொரு மணிக்குத் தேட ஆரம்பித்தால் கிடைக்காது.

என்ன எழுதுவது என்பதிலும் தடுமாறுகிறார்கள். கைதுக்கான அவசியம் என்ற மூன்றாம் படியின் ஐந்து காரணங்கள் எல்லா வழக்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இங்கே கேட்பது அவையல்ல. இந்த நபர், இந்தத் தேதியில், இந்த இடத்தில் என்ன செய்ததாகச் சொல்லப்படுகிறது, அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான். வக்கீல் அதைப் படித்தால் ஜாமீனுக்கு வாதாடத் தெரிய வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அந்த உரிமையையும் 47வது பிரிவின்படி சொல்லுங்கள்.

அடுத்து, வீட்டுக்குத் தகவல். யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் சொல்லும் உறவினரோ நண்பரோ, அவருக்குச் சொல்லுங்கள். யாரிடம், எந்த எண்ணில், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மாவட்டத்தில் இதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். போனை எடுக்கவில்லையா? அந்த எல்லையின் ஸ்டேஷன் மூலம் சொல்லுங்கள்.

இதைத் தள்ளிப்போடும் ஆசை எல்லாருக்கும் வரும், சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்று. ஒன்றை யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த ஸ்டேஷனில் நடக்கும் பேச்சின் தொனியே மாறுகிறது. காவலில் இருப்பவருக்கு அது பாதுகாப்பு. கோபக்கார சக ஊழியர் ஒருவர் ஷிஃப்டில் இருந்தால் உங்களுக்கும் பாதுகாப்பு.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணைச் சொல்லுங்கள்.

7. மருத்துவப் பரிசோதனை

கைது ஆனதும் அரசு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண் என்றால் பெண் மருத்துவர், அல்லது அவர் மேற்பார்வையில். ரிப்போர்ட்டின் நகல் கைதானவருக்குப் போக வேண்டும். ரிமாண்டுக்குப் போகும் வழியில் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டால் போதும் என்று இதைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் வழக்கமான தவறு. விசாரணைக்கு முன்பே செய்யுங்கள். ஏற்கனவே இருந்த காயம் எது என்பது அப்போதுதான் பதிவாகும். பிடிக்கும்போது ஓடி விழுந்து முட்டி சிராய்ந்திருந்தால், அந்தச் சிராய்ப்பு அன்றைக்கே தாளில் ஏற வேண்டும்.

தாலுகா ஆஸ்பத்திரியில் நடப்பது இது. எதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவர் தோளை ஒட்டிக் காவலர் நிற்பார். டாக்டர் தலை நிமிராமல், "எங்கேயாவது அடி பட்டிருக்கா?" என்று கேட்பார். எதிரி டாக்டரைப் பார்க்கமாட்டார். காவலர் முகத்தைப் பார்ப்பார். பிறகு "இல்லைங்க" என்பார். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார். கைதி தப்பாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, அதனால் கண்ணில் படும் தூரத்தில் நில்லுங்கள். காதில் விழும் தூரத்தில் நிற்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள். இப்படி வாங்கிய "காயம் இல்லை" என்ற வரிக்குத்தான் கோர்ட்டில் மதிப்பு.

காவல் நீடித்தால் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை பரிசோதனை வேண்டும் என்பதும் டி.கே. பாசு கட்டளைதான். சர்க்கரை, வலிப்பு, மனநல மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுதுங்கள். மாத்திரை தவறியதால் லாக்கப்பில் ஒருவர் விழுந்தாலும் பொறுப்பு உங்களுடையதே. காவலில் இருப்பவரின் உடல்நலம் காப்பவரின் கடமை என்று 56வது பிரிவு சொல்கிறது.

8. விசாரணை

அடித்து வாங்கும் வாக்குமூலம் எதற்கும் உதவாது என்பதை முதலில் சட்டமாகவே புரிந்துகொள்ளுங்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23வது பிரிவு. அதன் மூலம் கண்டெடுத்த பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டும் நிற்கும். பொருள் எடுத்தாக வேண்டும் என்ற அந்த அவசரத்தில்தான் கை ஓங்குகிறது. வாக்குமூலத்துக்காகவோ பொருளை மீட்கவோ காயப்படுத்தினால், நியாய சன்ஹிதாவின் 120வது பிரிவில் ஏழு ஆண்டு வரை. கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை. அதைச் செய்தவருக்கு மட்டுமல்ல, கையைப் பிடித்துக் கொடுத்தவருக்கும், கதவைச் சாத்தியவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரியான வரிசை இது. முதலில் ஆதாரத்தைச் சேகரியுங்கள்: கேமரா, போன் விவரம், அடகுக்கடைச் சீட்டு. அதன் பிறகு ஆளை உட்கார வையுங்கள். கையில் ஒன்றுமில்லாமல் கேள்வி கேட்பவருக்கு ஐந்தாவது நிமிடத்தில் கேள்வி தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு வருவதுதான் லத்தி. கையில் அடகுச் சீட்டு இருப்பவர் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது.

விசாரணையின்போது தான் விரும்பும் வக்கீலைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு, முழு நேரமும் கூடவே இருக்க அல்ல, 38வது பிரிவு. வக்கீல் வந்தால் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். சாப்பாடு, தண்ணீர், தூக்கம், இவற்றுக்கும் நேரம் எழுதுங்கள். விசாரணை ஸ்டேஷனில்தான். மண்டபம், தோப்பு, பழைய குவார்ட்டர்ஸ் எதுவும் கூடாது. கேமரா இல்லாத இடத்துக்கு ஏன் கொண்டுபோனீர்கள் என்ற ஒரு கேள்விக்கு நல்ல பதில் எதுவும் கிடையாது.

கேமராவைப் பற்றி: 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஸ்டேஷனின் வாசல்கள், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பு, ஆய்வாளர் அறை எல்லாம் கேமராவில் வர வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் தாக்குதலுக்கு ஆளாகித் தந்தையும் மகனும் இறந்த வழக்கில் ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட், பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதினார். பொறுப்பேற்ற முதல் நாளே கேமரா பதிவைச் சேமிக்கும் கருவியான டி.வி.ஆரை உங்கள் ஸ்டேஷனில் திறந்து எத்தனை நாள் பதிவு இருக்கிறது, நேரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். கேமரா பழுது என்றால் அன்றே எழுத்தில் மேலே தெரிவியுங்கள். சம்பவத்துக்குப் பிறகு சொல்லும் பழுதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

"கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்று எழுதி, மாவுக்கட்டோடு படம் வெளியிடுவதை ஊரே கைதட்டி வரவேற்கும் காலம் இது. கைதட்டலை நம்பாதீர்கள். கைதட்டியவர்கள் யாரும் துறை விசாரணையில் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். முறிந்த அந்தக் கை ஒரு மனிதனின் கை என்பது அதற்கெல்லாம் முன்னால் வரும் விஷயம்.

9. போன், போட்டோ

கைதானவரை நிற்க வைத்து செல்ஃபி எடுப்பது, அழும் வீடியோவைக் குரூப்பில் போடுவது வேண்டாம். கண்ணியம் ஒரு காரணம். தொழில் சார்ந்த காரணமும் உண்டு: முகம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு அடையாள அணிவகுப்பு நடத்தினால் அதற்கு மதிப்பில்லை. "டிவியில பார்த்தேன்" என்று சாட்சி சொன்னால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பள்ளி எதையும், நிருபர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், சொல்லக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகலைப் போட்டோ எடுத்து அனுப்புவதும் அதே குற்றம்தான்.

10. பணம்

லஞ்சம் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் நுழைவது சின்னச் சின்னதாக: புகார்தாரரிடம் ஒரு ரீம் பேப்பர், தேடுதலுக்குப் போகும் காருக்கு டீசல், ரிமாண்டுக்குப் போகும் வழியில் எதிரியின் அண்ணன் வாங்கித் தரும் பிரியாணி. டீசல் போட்டவர் அடுத்த முறை "எப்போ சார் தூக்குவீங்க?" என்று உரிமையோடு கேட்பார். அந்தக் கேள்வியை நீங்கள் மறுக்க முடியாத நிலைக்கு வந்திருப்பீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், 173(2). ரைட்டர் அதற்குக் காசு கேட்டால் அதை நிறுத்துவது எஸ்.ஐ.யின் வேலை. செலவுக்குத் துறையிடம் பில் போடுங்கள். தாமதமாகும், ஆனால் வரும்.

11. வாய்மொழி உத்தரவு வந்தால்

இது எல்லாவற்றிலும் கடினமான படி. மேலே இருப்பவர் போனில், "ரெண்டு நாள் வச்சிருங்க, மெமோ வேண்டாம்" என்கிறார். இளைய அதிகாரி என்ன செய்வது?

எதிர்த்துப் பேசத் தேவையில்லை. "சார், வழக்கு எண் போட்டுட்டேன், நாளைக்குப் பத்து மணிக்குள்ள ரிமாண்ட் பண்ணணும், ரிப்போர்ட் ரெடி பண்றேன்" என்று நேரத்தை முன்னால் வையுங்கள். பெரும்பாலான நேரம் இதுவே போதும், ஏனென்றால் பதிவில் ஏறிவிட்ட ஒன்றை மறைக்கச் சொல்ல யாரும் விரும்பமாட்டார்கள். எண்ணும் நேரமும் முன்பே எழுதியிருந்தால்தான் இந்தப் பதிலைச் சொல்ல முடியும். முதல் இரண்டு படிகளை இவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கு மேலும் வற்புறுத்தினால், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். கிடைக்காவிட்டால் உத்தரவு வந்த நேரத்தையும் சொன்ன விஷயத்தையும் ஜெனரல் டைரியில் எழுதுங்கள். "மேலதிகாரி சொன்னார்" என்பது சட்டவிரோதக் காவலுக்கோ தாக்குதலுக்கோ தற்காப்பு ஆகாது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணியின் 1955ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, பெரிய தண்டனைக்கான 3(பி) குற்றக்குறிப்பாணை வரும்போது அதில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

ஸ்டேஷனில் சக ஊழியர் வரம்பு மீறுவதைப் பார்த்தால் உடனே குறுக்கிடுங்கள்: "அண்ணே, நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்". பெரும்பாலான நேரம் அந்த ஒரு நிமிட இடைவெளியில் கோபம் தணிந்துவிடும். தணியாவிட்டால் ஆய்வாளருக்கும் டி.எஸ்.பி.க்கும் சொல்லுங்கள். சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியில் இருந்த பெண் ஏட்டு ஒருவர், பயத்தோடுதான், ஆனாலும் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். பார்த்ததைச் சொல்வதும் காவலர் கடமையில் சேர்ந்தது என்று புதியவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அவரை நினைத்துத்தான் சொல்கிறேன்.

12. மாஜிஸ்திரேட் முன்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரம். ஞாயிறும் பொங்கலும் கணக்கில் கழியாது. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டில் நிறுத்த வேண்டும். கடைசி மணி நேரம்வரை இழுக்காதீர்கள். வழியில் டயர் பஞ்சரானால் சட்டவிரோதக் காவலாகிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., கைது மெமோ, காரணங்கள் கொடுத்ததற்கான ஒப்புகை, உறவினருக்குச் சொன்ன பதிவு, மருத்துவ அறிக்கை, 35வது பிரிவின் சரிபார்ப்புப் பட்டியல், புலன் விசாரணையை நாள்வாரியாக எழுதும் கேஸ் டைரியின் நகல். இவற்றிலுள்ள நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். மருத்துவ அறிக்கையின் நேரம் கைது நேரத்துக்கு முன்னால் இருந்தால், எங்கேயோ ஒருவர் கற்பனையாக எழுதியிருக்கிறார். அதைத் திருத்தி மறைக்காமல், ஏன் அப்படி என்று டைரியில் விளக்கி எழுதுங்கள்.

போகும் வழியில் "அய்யா கேட்டா அடிக்கலன்னு சொல்லு" என்று பாடம் நடத்தாதீர்கள். "காவலில் ஏதாவது கொடுமை நடந்ததா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது அவர் சுதந்திரமாகப் பதில் சொல்லும்படி இரண்டடி தள்ளி நில்லுங்கள். குறை ஏதும் சொன்னால் அங்கேயே மறுத்து வாதாட வேண்டாம். மருத்துவ அறிக்கையையும் சி.சி.டி.வி. பதிவையும் கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும், அவர் உள்ளே வந்த நேரத்திலிருந்து வெளியே போன நேரம்வரையிலான கேமரா பதிவைத் தனியாக எடுத்து, ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) பதிவேட்டில் ஏற்றி, கேஸ் ஃபைலில் வையுங்கள். புகார் வந்தபின் தேடுவதற்கு அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். பிறகு ஜெனரல் டைரியில் திரும்பி வந்த நேரத்தை எழுதிவிட்டு யூனிஃபார்மை மாற்றுங்கள்.